நுந்தா விளக்கும் லைட் பில்லும்

மும்பையில் வாழும் தமிழர் மின்சாரக் கட்டணச் சீட்டை அப்பெயரால் சொல்வதில்லை. மராட்டியரும் குஜராத்தியரும் சொல்வது போலவே ‘லைட் பில்’ என்றுதான் சொல்வார்கள். மாவரைக்கும் யந்திரமும், குளிர்பெட்டியும், தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் அதே மின்சாரத்தைத்தான் உண்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், ஒரு குடும்பம் மாதந்தோறும் எதற்காகக் காசு கட்டுகிறது என்று கேட்டால், வெளிச்சத்துக்கு என்ற பதிலே இந்நகரத்தார் வாயில் முதலில் வருகிறது. மாதுங்காவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்துவிட்ட எனக்கு, இந்தச் சொல்வழக்கில் ஒரு தத்துவ விசாரத்திற்கான வித்து அடங்கியிருப்பதாகவே தோன்றி வந்திருக்கிறது. வெளிச்சம் விலைக்கு விற்கத்தக்க பண்டமா? விற்கலாம் என்றால், அதற்கு நியாயமான விலை இன்னதென்று விதிக்கும் அதிகாரம், விற்பவனிடமும் இராமல் வாங்குபவனிடமும் இராமல், இருவருக்கும் நடுவே நிற்கிற மூன்றாமவன் ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது?

நம் முன்னோர் இந்தக் கேள்வியை ஒருவிதத்தில் எதிர்கொண்டவர்களே. சோழர் காலத்துக் கோயில் சுவர்களில் நுந்தா விளக்குக்கான அறக்கட்டளைகள் எத்தனையோ பொறிக்கப்பட்டிருக்கின்றன. இரவும் பகலும் அணையாமல் எரியவேண்டிய ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். ஆடு இல்லையேல் 48 பசுக்கள். அதுவும் இல்லையேல் 16 எருமைகள் என்று தஞ்சைப் பெரிய கோயிலில் கணக்குத் திட்டமாக வகுக்கப்பட்டிருந்தது. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையன், நாள்தோறும் உழக்கு நெய்யைக் கோயிலில் அளக்கவேண்டும். அளக்கும் கருவியும் அவனவன் வீட்டுக் கருவி ஆகாது. ஆடவல்லான் என்று இறைவன் திருப்பெயர் சூட்டப்பெற்ற மரக்காலின் கணக்கிலேயே அளவெல்லாம் நடந்தது. ஆடுகள் கிழடுபடும், சாகும், குட்டி போடும். ஆயினும் விளக்கைப் பொறுத்தவரை அவற்றின் எண்ணிக்கை குறையலாகாது என்பதற்காக அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதினார்கள். சில கல்வெட்டுகளில் இடையனுக்குப் புணையாக நின்றவர்களின் பெயர்கள்கூட உண்டு. சந்திரனும் சூரியனும் உள்ளளவும் இந்தத் தருமம் நடக்கவேண்டும் என்றும், இதனைக் காப்பது பன்மாகேசுவரர் என்னும் சிவனடியார் சபையின் பொறுப்பு என்றும் முடித்தார்கள்.

இந்த ஏற்பாட்டை நான் எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் என்னை வியக்க வைப்பது, பக்தியில் பிறந்த ஒரு காரியத்தைப் பக்தியின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாத அந்த விவேகம். கொடுப்பவன் நல்லவன், ஏற்பவன் நல்லவன், எரிவது இறைவன் சந்நிதியில். இருந்தும் அளவு வேண்டும், ஏடு வேண்டும், புணை வேண்டும், இவர் இருவரும் அல்லாத ஒரு சபையின் கண் வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். சங்கற்பம் ஒரு நாளில் எடுக்கப்படுவது. நெய்யோ ஒவ்வொரு நாளும் வந்து சேரவேண்டியது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள நீண்ட காலவெளியில்தான் தருமம் நலிந்து போகிறது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். மின்சார விஷயத்தில் இவ்விரண்டும் எதிரெதிரே வந்து நிற்கின்றன: பில்லைக் கட்டுவது என் கடன், கேட்டவனுக்கு இணைப்புத் தருவது கம்பெனியின் கடன். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இதனை வெளிப்படையாகவே சொல்கிறது. விநியோக உரிமம் பெற்றவர், ஓர் இடத்தின் உடைமையாளரோ அங்கே குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் மின்சாரம் தரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரையில் தண்டம் விதிக்கலாம். சாதாரண வியாபாரி எவனுக்கும் இப்படியொரு நிர்ப்பந்தம் கிடையாது. மாதுங்கா மார்க்கெட்டில் பூ விற்பவர், உமக்கு விற்கமாட்டேன் என்று என்னைத் திருப்பி அனுப்பலாம். மின்சாரம் விற்பவர் அப்படிச் சொல்ல இயலாது. ஏனென்றால் ஒரு தெருவில் ஒருமுறை கம்பி இழுத்தவன், அத்தெருவில் உள்ளோரின் இரவுகளுக்கும் தன்னைப் பொறுப்பாளியாக்கிக் கொண்டுவிட்டான்.

எதிரெதிராக நிற்கும் இவ்விரு கடன்களின் நடுவே அமர்ந்திருப்பது மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1999 ஆகஸ்டில் நிறுவப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடர்ந்து இயங்கிவரும் இந்த ஸ்தாபனம், கஃப் பரேடில் உலக வர்த்தக மையக் கட்டடத்தின் பதின்மூன்றாவது மாடியில் இருக்கிறது. கொலாபா முதல் சயான், மாஹிம் வரையிலான தீவு நகரத்துக்கு மின்சாரம் தரும் பெஸ்ட், செம்பூர் முதலிய புறநகர்களில் ஒரே தெருவில்கூட அருகருகே வாடிக்கையாளரைக் கொண்டிருக்கும் அதானி, டாடா கம்பெனிகள், முலுண்டு பாண்டுப் பக்கத்து மகாவிதரண் ஆகிய எல்லோருமே தங்கள் வரவு செலவை இவ்வாணையத்தின் முன் விரித்துக் காட்டவேண்டும். மின்சாரம் என்ன விலைக்கு வாங்கப்பட்டது, கம்பியிலும் திருட்டிலும் எவ்வளவு போயிற்று, புதுச் சாதனங்களுக்கு என்ன செலவு, பழையவற்றின் தேய்மானம் என்ன, போட்ட முதலுக்கு எவ்வளவு லாபம் தகும் என்றெல்லாம் ஆராய்ந்த பிறகே ஒரு யூனிட்டின் விலை தீர்மானமாகிறது. தேய்மானக் கணக்கைப் பார்க்கும்போது எனக்குச் சாவா மூவாப் பேராடுகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. டிரான்ஸ்பார்மரும் கேபிளும் கிழடுபட்டுச் செத்துக்கொண்டே இருக்கின்றன. விளக்கைப் பொறுத்தவரை அவை சாகலாகாது. ஆகவே இன்றைய பில்லிலேயே நாளைய கேபிளுக்கான காசு சேர்க்கப்படுகிறது.

ஆணையத்தின் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது என்றாலும், பெயர்களைப் பரிந்துரைக்கும் குழுவுக்கு உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர் தலைமை வகிக்கவேண்டும். பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அதே பதவிக்கு மறுநியமனம் கிடையாது. மறுமுறை பெறுவதற்கு ஒன்றும் இல்லாதவனுக்கே பட்சபாதமின்றி இருப்பது சுலபமாகும் என்ற மனித சுபாவ ஞானம் இவ்விதியில் இருக்கிறது. நடுவுநிலைமை என்று தனி அதிகாரமே வகுத்த திருக்குறளைப் பயின்ற நமக்கு இது புதிதன்று. ஆனால் இச்சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் விதி வேறொன்று. ஏதோ ஒரு வகையினருக்கு மின்கட்டணத்தில் மானியம் வழங்க அரசு விரும்பினால், அதற்கான தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடவேண்டும் என்று 65ஆம் பிரிவு விதிக்கிறது. பணம் வராவிட்டால் மானிய உத்தரவு செல்லாது. ஆடுகளை ஒப்படைத்த பிறகே விளக்கின் பெயரால் கல்வெட்டு. பிறர் பொருளைத் தன் தருமமாகச் சொல்லிக்கொள்ளும் ஆசை அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் எக்காலத்தும் உண்டாகையால், இந்த ஒரு விதியை எழுதியவர்களை நான் மனத்தால் வணங்குகிறேன்.

முறையீட்டுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். விலை கூட்டக் கோரும் மனு வந்தால் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். யாரும் ஆட்சேபம் எழுதலாம். பொது விசாரணையில் எழுந்து பேசலாம். மும்பை கிராஹக் பஞ்சாயத்து, புணேயின் பிரயாஸ் போன்ற அமைப்புகள் நுகர்வோர் பிரதிநிதிகளாக நின்று, சாமானியனுக்கு விளங்காத கணக்குகளைக் கொண்டு அவனுக்காக வாதாடியிருக்கின்றன. தனி மனிதனின் குறைக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. அதன் தீர்ப்பில் திருப்தி இல்லையேல் ஆணையம் நியமித்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணைப்பைத் துண்டிக்கப் பதினைந்து நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும். இடைவிடாமல் பில்லில் காட்டி வராத பழைய பாக்கியை இரண்டு ஆண்டுக்குப் பின் கேட்கலாகாது. இந்தக் கடைசி விதியைப் படித்தபோது, மறதிக்கும் ஒரு நீதி உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது போலிருந்தது எனக்கு.

2020ஆம் ஆண்டில் இவையெல்லாம் சோதனைக்கு உள்ளாயின. கொரோனா ஊரடங்கில் மீட்டர் பார்ப்பவர் வரமுடியாமல் சராசரிக் கணக்கில் பில் போட்டார்கள். ஜூனில் உண்மையான அளவெடுத்தபோது, வேலையிழந்து கிராமத்துக்கு ரயில் தேடிக்கொண்டிருந்த குடும்பங்களின் கையில் பல மாதச் சுமை ஒன்றாக வந்து விழுந்தது. ஆணையம் தலையிட்டு, வழக்கத்தைவிட மிக அதிகமான பில்களைத் தவணையில் கட்ட இடம் செய்தது. அதே ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி காலையில் நகரமே மின்சாரமின்றி நின்றது. மின்சார ரயில்கள் ஆங்காங்கே நின்றுபோக, ஜனங்கள் தண்டவாளத்தில் இறங்கி நடந்தார்கள். அன்று எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடியில் பிராண வாயு யந்திரத்தின் துணையில் இருந்த ஒரு முதியவளுக்கு, அவள் மகன் மாடிப்படியெங்கும் ஓடி ஓடி சிலிண்டர் தேடியதைப் பார்த்தேன். மின்சாரத்தை ஒரு பண்டம் என்று அன்று யாரும் என்னிடம் வாதித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

இதுவரையில் சொன்னதைக் கொண்டு, பழைய விளக்கும் புதிய ஆணையமும் குறையற்ற தருமங்கள் என்று நான் கருதுவதாக யாரும் எண்ணவேண்டாம். நுந்தா விளக்கின் கணக்கில் ஒரு பெரிய விடுதல் இருந்தது. எத்தனை ஆடு, எத்தனை உழக்கு, எந்த அளவுகோல், யார் புணை என்பதெல்லாம் கல்லில் இருக்கின்றன. அந்த விளக்கின் வெளிச்சத்தில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பது மட்டும் கணக்குக்கு வெளியே, கேள்விக்கே வெளியே இருந்தது. நெய்யின் அளவில் ஒரு துளி குறைந்தாலும் பன்மாகேசுவரர் கேட்பார்கள். கோபுர வாசலுக்கு வெகுதூரத்திலேயே நிறுத்தப்பட்ட மனிதர்களைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் எவரும் கேட்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் தேதிதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நம்பிப் பம்பாய்க்கு வந்து தாராவிச் சதுப்பில் குடிசை போட்டவர்களில் பெரும்பாலோர் அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களின் சந்ததியார். மதுரைக் கதவு திறப்பதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே, 1913இல், தாராவியில் கணேசர் கோயில் எழுந்துவிட்டது. தமக்கென்று ஒரு சந்நிதியில் ஒரு விளக்கை ஏற்றிக்கொள்ள மனிதர்கள் எவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது!

நாசிக்கில் காலாராம் கோயில் வாசலில் 1930இல் சத்தியாக்கிரகம் நடத்திய அம்பேத்கரே, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்து, இத்தேசத்தின் மின்சாரக் கொள்கையை வகுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார் என்பது பலர் நினைவில் வைத்திராத செய்தி. அவர் கட்டிய ராஜகிருகம் என்னும் இல்லம் தாதர் இந்து காலனியில், மாதுங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. மாலையில் உலாவப் போகையில் அதன் வாசலில் சற்று நிற்பது என் வழக்கம். மின்சாரம் அரசிடம் இருக்கவேண்டுமா தனியாரிடமா என்ற கேள்வியை 1943இல் அக்குழுவின் முன் வைத்த அவர், எவரிடம் இருந்தாலும் அது உறுதியாகவும் மலிவாகவும் போதுமான அளவிலும் ஜனங்களுக்குக் கிடைக்கிறதா என்பதையே உரைகல்லாகக் கொண்டார். கோயில் வாசலில் கேட்ட கேள்வியையும் மின்சாரக் குழுவில் கேட்ட கேள்வியையும் ஒரே மனிதர் கேட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வெளிச்சத்தில் யார் நிற்பது என்ற அதே கேள்விதான் இரண்டு இடத்திலும் கேட்கப்பட்டது.

வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. சுருக்கமாகவேனும் அதைச் சொல்லாமல் போவது நன்றிகேடாகும். பம்பாயின் ஆலைகளுக்கு 1915 முதல் கோப்போலியிலிருந்து நீர்மின்சாரம் வந்தது. பின்னொரு அணைக்காக முல்ஷிப் பள்ளத்தாக்கின் விளைநிலங்கள் மூழ்கவிருந்தபோது, 1921இல் சேனாபதி பாபட்டின் தலைமையில் விவசாயிகள் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தார்கள். அணை எழுந்தது, நிலம் மூழ்கியது. கட்டண விசாரணையில் எந்தப் பத்தியிலும் அவர்களுடைய இழப்பு வருவதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தாராவியில் எனக்குப் பழக்கமான தையற்காரர் ஒருவர் இருக்கிறார். என் கண்ணாடிக்குத் துணிப்பை தைத்துத் தந்ததில் தொடங்கிய பழக்கம். பூர்வீகம் திருநெல்வேலி; பிறந்தது இங்கேதான். ஒரு சந்தில், கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம் என்ற அகலத்தில் ஒரு சந்தில், கீழே இரண்டும் மேலே இரண்டுமாக, கோலி என்று இங்கே சொல்லும் ஒற்றை அறைகள் நான்கு உள்ள வீட்டில், செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப்போகும் மேல் அறை அவருடையது. மின்விசிறி ஒன்று, குழல்விளக்கு ஒன்று, சிறிய குளிர்பெட்டி, ஒரு தொலைக்காட்சி. சந்தின் வாயிலில் பலகை அடித்து வரிசையாக மீட்டர்கள் பொருத்தியிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் சிவப்புச் சாயத்தில் வீட்டு எண். அந்த நான்கு கோலிகளுக்கும் சேர்த்து அங்கே இருப்பது ஒரே மீட்டர்; அது வேறெங்கோ வசிக்கும் வீட்டுக்காரர் பெயரில் உள்ளது. ஒவ்வொரு கோலிக்கும் உள்ளே அவர் வைத்திருப்பது சப்-மீட்டர்.

இந்த ஏற்பாட்டின் விளைவைப் பென்சிலும் காகிதமுமாக நானும் அவரும் ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். மும்பையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது: முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை, 101 முதல் 300 வரை அதைவிட அதிகம், 301 முதல் 500 வரை மேலும் அதிகம், அதற்கு மேல் உச்சம். குறைவாகச் செலவழிப்பவன் ஏழையாக இருப்பான், அவன் தலையில் பாரம் குறைவாக விழட்டும், வசதியுள்ளவன் சற்றுக் கூடுதலாகத் தரட்டும் என்ற காருண்யமே இந்தப் படிகளின் அஸ்திவாரம். நான்கு குடித்தனமும் தலைக்கு ஏறக்குறைய 90 யூனிட் செலவழிக்கின்றன. தனித்தனி மீட்டர் இருந்திருந்தால் நால்வருமே முதற்படியில், மிக மலிவான விலையில் நின்றிருப்பார்கள். மீட்டர் ஒன்றே ஆகையால் மொத்தம் 360 யூனிட். 100 முதற்படியில், 200 இரண்டாம் படியில், மீதி 60 மூன்றாம் படியில். ஏழைக்காக வகுத்த படிக்கட்டு ஏழைகள் நால்வர் சேர்ந்து ஏறும்போது பணக்காரனின் படியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதற்கும் மேலே, வீட்டுக்காரர் தம் மனத்துக்குத் தோன்றிய ஒரே விகிதத்தில், யூனிட்டுக்கு இன்ன ரூபாய் என்று எல்லோரிடமும் வசூலிக்கிறார். பில்லை அவர்கள் கண்ணால் கண்டதில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து என்னுடைய லைட் பில்லை எடுத்துப் பார்த்தேன். மனைவி காலமான பின் நான் தனியனாக இருக்கிறேன், இரண்டு அறையும் கூடமும் உள்ள சொந்த வீடு, ஓய்வூதியம் வருகிறது, இரவு ஒன்பதரைக்கெல்லாம் விளக்கணைத்துப் படுத்துவிடும் பழக்கம். பில்லில் 84 யூனிட் என்றிருந்தது. ஏழைக்கென்று தேசம் வகுத்த சலுகை விலை, ஒவ்வொரு மாதமும், தவறாமல், எனக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. தையற்காரரின் நான்கு குடித்தனம் மூன்றாம் படியில் கூடுதலாகக் கட்டும் காசில் ஒரு சிறு பகுதி என் விளக்கின் விலையைத் தாங்குகிறது என்று கணக்கிட்டால் அது மிகை ஆகாது. நான் ஒரு குற்றமும் செய்யவில்லை, ஆணையமும் செய்யவில்லை, மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆயினும் நடந்திருப்பது அநியாயம். யாரும் பாவம் செய்யாமலே பாவம் ஒன்று உண்டாக முடியுமா என்ற பழைய வேதாந்தக் கேள்வி, அந்தச் சீட்டின் வடிவத்தில் என் மேஜைமேல் கிடந்தது.

இதற்கு ஊழ் என்று விடை சொல்லுவோர் உண்டு. அவரவர் கர்மத்துக்கு ஏற்ற கோலியும் அவரவர் கர்மத்துக்கு ஏற்ற வீடும் அமைகின்றன என்பார்கள். அந்த விடையை நான் இளமையில் நம்பியதுண்டு, இப்போது நம்பவில்லை. என் மனைவியின் நோய்க்கு வேண்டுமானால் ஊழைக் காரணமாகச் சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். சந்தின் பலகையில் நான்கு மீட்டருக்குப் பதில் ஒரு மீட்டர் இருப்பதற்கு ஊழ் காரணமன்று, ஒரு விண்ணப்பம் எழுதப்படாததே காரணம். துலாக்கோல் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், தட்டில் வைக்கப்படுவதைத்தான் அது நிறுக்கும். யூனிட்டுகளை நிறுக்கும் இந்தக் கோலின் தட்டில் நான் ஒரு மனிதனாக வைக்கப்பட்டிருக்கிறேன். அவர்கள் நால்வரும், மனைவி மக்களோடு பதினேழு உயிர்களும், சேர்ந்து ஒரே மனிதராக வைக்கப்பட்டிருக்கிறார்கள். நீதியின் முதற்கேள்வி என்ன விலை என்பதாகவே நாம் எண்ணிவருகிறோம். அதற்கு முன்னே இன்னொரு கேள்வி இருக்கிறது: எத்தனை பேர்?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. முன்னே நான் எடுத்துச் சொன்ன விதியைப் பாருங்கள்: உடைமையாளர் அல்லது குடியிருப்பவர். நிலம் யாருடையது என்ற வழக்கு நூறு ஆண்டு நடக்கலாம். அந்த நிலத்தின் மேல் ஒரு குழந்தை இன்றிரவு உறங்கவேண்டியிருக்கிறது என்பதை அந்த இரண்டாவது சொல் ஒப்புக்கொள்கிறது. இணைப்புக் கொடுத்ததால் நிலத்தில் பாத்தியதை வந்துவிடாது. பாத்தியதை இல்லாததால் இருளில் கிடக்கவும் வேண்டாம். தண்ணீர் விஷயத்தில் பம்பாய் உயர்நீதிமன்றமும் இதே வழியில் நடந்தது. தண்ணீர் உரிமைக்கான அமைப்பாகிய பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில் 2014 டிசம்பரில், அனுமதியின்றி எழுந்த குடிசையில் வாழ்கிறார் என்பதற்காக ஒருவருக்குக் குடிநீரை மறுக்க முடியாது, அது உயிர்வாழும் உரிமையின் அங்கம் என்று தீர்ப்பு வந்தது. வாழ்தல் என்னும் செயலே ஒரு சாசனம் என்று சொல்லும் இத்தகைய வாசகங்கள் நம் ஆகமங்களில் இருந்திருந்தால் நம் சரித்திரம் வேறாக இருந்திருக்கும்.

ஆனால் குடியிருப்பவர் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். வாடகைச் சீட்டு எழுதித்தர வீட்டுக்காரர் மறுக்கிறார். இன்னொரு பயமும் இப்போது சேர்ந்திருக்கிறது. தாராவி முழுவதும் இடித்துக் கட்டப்படப் போகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்கு அங்கேயே இலவச வீடு, மேல்தளத்தாருக்கு வேறெங்கோ வாடகைக்கோ தவணைக்கோ வீடு என்பது திட்டம். யார் எங்கே எப்போது முதல் இருந்தார் என்று கணக்கெடுப்போர் வந்து கேட்கையில், சாட்சியாக நீட்டவேண்டிய காகிதங்களில் லைட் பில்லும் ஒன்று. நாற்பது வருஷம் வெளிச்சத்துக்குக் காசு கட்டியவரிடம், கட்டியதற்குச் சாட்சியாக ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. கம்பெனியின் ஏட்டிலோ, ஆணையத்தின் ஏட்டிலோ, நாளைய வீட்டுப் பட்டியலிலோ அந்தப் பதினேழு உயிர்களுக்கும் பெயரில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூர் சேடா நகரில் முருகனைத் தரிசித்துவிட்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் விபூதி, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மகளின் பள்ளிச் சான்றிதழ், முப்பது வருஷத்துக்கு முன் அந்த விலாசத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு இன்லண்ட் கடிதம். சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி, புது இணைப்புக்கான விண்ணப்பத்தை நான் எழுத, அவர் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னேன், இரண்டாம் முறை சொன்ன பிறகே உட்கார்ந்தார்.

"வீட்டுக்காரர் கோவிச்சிக்கிட்டு காலி பண்ணச் சொல்லிட்டாருன்னா என்னய்யா செய்ய?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அந்த அச்சத்துக்கு எந்த ஆணையத்தின் விதியிலும் பரிகாரம் கிடையாது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்த இன்லண்ட் கடிதத்தை எடுத்து, அதன் விலாசத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அவருடைய தகப்பனார் பெயர், சந்தின் பெயர், வீட்டு எண், தாராவி, பம்பாய் 17.

"அப்பா பேரு இருக்குல்லா, இதயும் சேத்து வைங்கய்யா" என்றார்.

விண்ணப்பத்தின் தலைப்பில் உடைமையாளர், குடியிருப்பவர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பேனாவை அவரிடம் கொடுத்தேன்.